பரிணாமம் வெப்ப இயக்கவியலை மீறுகிறதா? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கேள்வி: சார், எல்லாமே நாளடைவில் சீர்குலையும் என்பதுதானே வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி? அப்புறம் எப்படி நுண்ணுயிரிலிருந்து யானை வரை வந்தது?

பதில்: விதி அப்படிச் சொல்லவில்லை. வெளியோடு ஆற்றலோ பொருளோ கொடுக்கல் வாங்கல் இல்லாத தனித்த அமைப்பில் மொத்த என்ட்ரோபி (எளிமையாகச் சொன்னால், ஒழுங்கின்மையின் அளவு) குறையாது, அவ்வளவுதான். ஓரிடத்தில் குறைந்து, வேறிடத்தில் அதைவிட அதிகமாகக் கூடினால் விதிக்கு ஆட்சேபணை இல்லை. தண்ணீர் உறைவதையே எடுத்துக்கொள்ளுங்கள். தாறுமாறாக அலைந்த மூலக்கூறுகள் அறுகோண அடுக்கில் போய் உட்காருகின்றன. அங்கே என்ட்ரோபி குறைகிறது. ஆனால் ஒரு கிராம் உறையும்போது 334 ஜூல் வெப்பம் வெளியேறி, சுற்றுப்புறத்தின் என்ட்ரோபியைக் கூட்டிவிடுகிறது. மாங்கொட்டை மரமாவதும் இதே கணக்கில்தான். அதைத் தடுக்காத விதி பரிணாமத்தை மட்டும் ஏன் தடுக்கப் போகிறது?

கேள்வி: பூமிக்கு வரும் ஆற்றலும் பூமி திருப்பி அனுப்பும் ஆற்றலும் கிட்டத்தட்டச் சமம் என்கிறார்களே. அப்படியானால் உயிர்களுக்கு மிச்சம் என்ன?

பதில்: பலரும் கோட்டைவிடுகிற இடம் இது. அளவு சமம்தான், தரம் சமமில்லை. சூரியனின் மேற்பரப்பு வெப்பநிலை சுமார் 5,800 கெல்வின். பூமி விண்வெளிக்கு வீசுவதோ சராசரியாக 255 கெல்வினில். உள்ளே வரும் ஒரு ஃபோட்டானின் (ஒளித்துகளின்) ஆற்றலை வெளியே அனுப்ப ஏறக்குறைய 20 அகச்சிவப்பு ஃபோட்டான்கள் தேவைப்படுகின்றன. ஒன்று இருபதாகச் சிதறும்போது என்ட்ரோபி எக்கச்சக்கமாக ஏறுகிறது. புல்லும் பூனையும் பிழைப்பது அந்த ஏற்றத்தை வைத்துத்தான். 1886-லேயே ஆஸ்திரிய இயற்பியலாளர் போல்ட்ஸ்மான் இதைச் சொல்லிவிட்டார். அவர் டார்வினின் பெரிய ரசிகர்.

கேள்வி: யாராவது எண் போட்டுப் பார்த்திருக்கிறார்களா?

பதில்: பார்த்திருக்கிறார்கள். அமெரிக்க இயற்பியலாளர் டேனியல் ஸ்டையர் 2008-ல் தாராளமாகவே மதிப்பிட்டார். ஒவ்வோர் உயிரியும் நூறு ஆண்டுகளுக்கு முந்தைய தன் மூதாதையைவிட ஆயிரம் மடங்கு ‘நிகழ அரிதானது’ என்று வைத்துக்கொண்டாலும், பரிணாமத்துக்கு நொடிக்கு 302 ஜூல்/கெல்வின் என்ட்ரோபிக் குறைவு போதும். பூமி வழியாகப் போகும் என்ட்ரோபியோ நொடிக்குச் சுமார் 420 லட்சம் கோடி ஜூல்/கெல்வின். ‘ஆயிரம் மடங்கு’ போதாது என்று மறு ஆண்டே இன்னொரு இயற்பியலாளர் எமரி பன் விமர்சித்து, இன்னும் தாராளமாகக் கணக்குப் போட்டார். அப்போதும் விதி மீறப்படவில்லை.

கேள்வி: வெயிலில் கிடக்கிற சைக்கிள் துருப்பிடிக்குமே தவிர மோட்டார் பைக் ஆகாது. ஆற்றல் மட்டும் இருந்தால் போதுமா?

பதில்: போதாது. உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. வெப்ப இயக்கவியல் ‘நடக்கலாம்’ என்று அனுமதி தருமே ஒழிய, நடத்திக்காட்டாது. ஒளியைப் பிடிக்கப் பச்சையம் வேண்டும், நகலெடுக்க டி.என்.ஏ. வேண்டும், நகலில் பிழைகள் வேண்டும், அவற்றைச் சலித்தெடுக்க இயற்கைத் தேர்வு வேண்டும். சைக்கிள் குட்டி போடாது, சிக்கல் அங்கேதான்.

கேள்வி: முதல் உயிர்?

பதில்: அது பரிணாமத்துக்கு முந்தைய கேள்வி. விதிப்படி தடையில்லை, எந்த வேதிவினை வழியாக என்பது இன்னும் ஆய்வில் இருக்கிறது.

கேள்வி: அப்படியானால் டார்வினுக்கும் வெப்ப இயக்கவியலுக்கும் மோதலே வந்ததில்லையா ஐயா?

பதில்: வந்தது, பலமாகவே வந்தது. ஆனால் என்ட்ரோபியால் அல்ல, பூமியின் வயதால். இரண்டாம் விதியை வகுத்தவர்களில் ஒருவரான பிரிட்டிஷ் இயற்பியலாளர் கெல்வின், உருகிய பூமி குளிர எவ்வளவு காலமாகும் என்று கணக்கிட்டு, 1862-ல் 2 கோடி முதல் 40 கோடி ஆண்டுகள் என்றார். 1897-ல் அதை 2 முதல் 4 கோடியாகச் சுருக்கினார். மெதுவாக நடக்கும் இயற்கைத் தேர்வுக்கு இது எந்த மூலைக்கு? டார்வின் கடைசிவரை இதை நினைத்துச் சங்கடப்பட்டார். கெல்வினின் கணிதம் சரிதான். பூமியின் உள்ளே வெப்பம் திடப்பொருளில் கடத்தப்படுவதுபோல மட்டுமே நகர்கிறது என்ற அனுமானம்தான் தவறு. அவருடைய பழைய உதவியாளர் ஜான் பெர்ரியே 1895-ல் அதைச் சுட்டிக்காட்டினார். பிறகு கதிரியக்கம் கண்டுபிடிக்கப்பட்டது; அதைக் கொண்டே பாறைகளின் வயதை அளந்தார்கள். இன்றைய கணக்கில் பூமிக்கு வயது சுமார் 454 கோடி ஆண்டுகள்.