பினாங்குக்கு ஐந்து பேர், ஒரு கார்: எங்கே, எப்போது சாப்பிடுவது?

கேள்வி: நண்பர்கள் ஐந்து பேர் வெள்ளிக்கிழமை காலை கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்குக் காரில் கிளம்புகிறோம். ஞாயிறு இரவு வீடு திரும்ப வேண்டும். வழியெல்லாம் அந்தந்த ஊர்ச் சாப்பாட்டை ருசிக்க ஆசை. எங்களில் ஒருவர் சைவம், ஒருவர் முஸ்லிம், இருவர் மாட்டிறைச்சி தொடமாட்டார்கள். போன முறை பாதிக் கடைகள் மூடிக் கிடந்தன, மீதி நேரம் எங்கே சாப்பிடுவது என்ற வாக்குவாதத்திலேயே போய்விட்டது. இந்த முறை எப்படித் திட்டமிடுவது?

பதில்: தூரத்தை வைத்துத் திட்டம் போடாதீர்கள், கடைகளின் நேரத்தை வைத்துப் போடுங்கள். ஈப்போ சுமார் 200 கிலோமீட்டர், அங்கிருந்து பினாங்கு இன்னும் 160 கிலோமீட்டர் போல. நெடுஞ்சாலையில் இது பெரிய ஓட்டமே இல்லை. ஆனால் ஒட்டுக்கடைகள் நம் பசிக்காகக் காத்திருப்பதில்லை. காலைக் கடைகள் சரக்கு தீர்ந்ததும் மூடிவிடும், மாலைக் கடைகள் மாலையில்தான் அடுப்பு பற்றவைக்கும். வாரத்தில் ஒரு நாள் விடுமுறையும் கடைக்குக் கடை மாறும். ஆகவே ஒவ்வொரு நாளுக்கும் கட்டாயம் சாப்பிட வேண்டியது என்று இரண்டே இரண்டு உணவை முடிவு செய்து, கடை திறந்திருக்குமா என்று முந்தின நாளே பார்த்துவிடுங்கள். மற்றதெல்லாம் கிடைத்தால் லாபம்.

நீங்கள் வெள்ளிக்கிழமை போகிறீர்கள், அதுதான் உங்கள் திட்டத்தில் முக்கியமான விஷயம். தொழுகைக்காக மலாய்க் கடைகளும் மாமாக் கடைகளும் (தமிழ் முஸ்லிம் உணவகங்கள்) பகல் 12.30 முதல் 2.30 வாக்கில் பல மூடியிருக்கும். இரண்டு மணிக்குப் பசியோடு ஈப்போவில் இறங்கினால் போன முறை கதைதான். காலை ஏழு மணிக்கே கிளம்பி, தஞ்சோங் மாலிமில் ஹைனானீஸ் பாவ் வாங்கிப் பசியாறுங்கள். நேரம் இருந்தால் அங்கிருந்து பழைய கூட்டரசுச் சாலையில் பீடோர் வரை போகலாம். சாலையோரத்தில் கொய்யாவும் பெத்தாயும் அடுக்கி வைத்திருப்பார்கள். அப்புறம் நெடுஞ்சாலை ஏறினால் பதினொன்றரைக்குள் ஈப்போ.

ஈப்போவில் முதலில் ஐவரும் சேர்ந்து லிட்டில் இந்தியா பக்கம் சாப்பிடுங்கள். சைவ நண்பருக்குத் தோசையோ வாழை இலைச் சோறோ கிடைக்கும், முஸ்லிம் நண்பருக்கு அருகிலேயே ஹலால் கடை இருக்கிறதா என்று முன்பே பார்த்து வையுங்கள். அவர் பள்ளிவாசலுக்குப் போகும் நேரத்தில், கோழி சாப்பிடுகிறவர்கள் தவுகே ஆயாமும் (முளைப்பயறோடு கோழி) ஹோர் ஃபன்னும் (அரிசி நூடுல்ஸ்) ருசி பார்க்கலாம். அந்தக் கடைகளில் பெரும்பாலானவை ஹலால் அல்ல. அவரைக் கூட்டிப்போய் வெறும் தண்ணீர்க் குவளையோடு உட்கார வைப்பதைவிட, அந்த ஒரு மணி நேரம் பிரிந்து போவதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை. மார்ஜரினில் வறுத்த கொட்டையில் போடும் ஈப்போ வெள்ளைக் காப்பியை யாரும் தவறவிட வேண்டாம். கூட வரும் கயா (தேங்காய்ப்பால் ஜாம்) ரொட்டியில் முட்டை உண்டு, சைவ நண்பரிடம் சொல்லிவிடுங்கள்.

சைவம் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், நம்மவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். கண்ணுக்குத் தெரியும் மீனையும் கோழியையும் தவிர்த்துவிட்டால் போதும் என்று நினைக்கிறோம். நாசி லெமாக்கின் சம்பலில் நெத்திலியோ பெலாச்சானோ (இறால் சாந்து) இருக்கும். அசாம் லக்சாவின் குழம்பே மீன்தான். சீன ரோஜாக்கில் பழங்கள்தானே என்று வாங்கினால், மேலே ஊற்றும் கறுப்புச் சாந்து இறாலில் செய்தது. கீரை வறுவலிலும் பெலாச்சான் சேர்ப்பார்கள். மாமாக் கடையில் ரொட்டி சானாய் வாங்கினால் பருப்புக் குழம்பு மட்டும் தனியாகக் கேளுங்கள், சிலர் கறிக் குழம்பைக் கலந்து ஊற்றிவிடுவார்கள். செண்டோல் பயமில்லாமல் சாப்பிடலாம்: தேங்காய்ப்பால், பனைவெல்லம், அரிசிமாவு, சிவப்பு பீன்ஸ், அவ்வளவுதான். சீனச் சைவக் கடைகள் எல்லா ஊரிலும் உண்டு. சீன நாட்காட்டியில் மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் வழக்கமான கோப்பிக்கடைகளிலும் சைவ உணவு கூடுதலாகக் கிடைக்கும்.

மாட்டிறைச்சி சிக்கல் எளிது. கடைகளில் ‘டாகிங்’ என்று சொன்னால் பெரும்பாலும் மாடுதான். சாத்தே வாங்கும்போது ‘ஆயாம் சஹாஜா’ என்றால் கோழி மட்டும் வரும். ஹலால் விஷயத்தில், பன்றி இல்லை என்று எழுதிவைத்த கடையும் ஜாக்கிம் (மலேசிய இஸ்லாமிய மேம்பாட்டுத் துறை) ஹலால் சான்றிதழ் உள்ள கடையும் ஒன்றல்ல. எது தனக்குச் சரி என்று உங்கள் நண்பரே சொல்லட்டும்.

மூன்று மணிக்கு ஈப்போவை விட்டால் மாலைக் கடைகள் தொடங்கும் நேரத்துக்குப் பினாங்கு. அங்கே உணவு மையத்தில் ஒருவர் மேசையைப் பிடித்து எண்ணைப் பார்த்து வைத்துக்கொள்ள, மற்றவர்கள் கடை கடையாகப் போய்ச் சொல்லிவிட்டு வர வேண்டும். உணவு மேசைக்கு வந்ததும் காசு கொடுப்பது வழக்கம். பானத்தை இடத்துக்காரரிடம்தான் வாங்க வேண்டும். முதல் சுற்றில் ஐந்து பேருக்கு மூன்று தட்டு போதும். ஆளுக்கொரு சார் குவே தியாவ் (வறுத்த அரிசி நூடுல்ஸ்) சொன்னால் அத்தோடு அந்த இரவு முடிந்தது. அதில் சிப்பி அரைவேக்காடாகத்தான் இருக்கும். வயிறு ஒத்துக்கொள்ளாதவர் ‘தாக் மாவ் கெராங்’ என்று சொல்லிவிடலாம். ஹலால் கடைகளைத் தனிப் பகுதியில் வைத்திருக்கும் மையமாகத் தேர்ந்தெடுங்கள், ஒரே இடத்தில் எல்லோரும் உட்காரலாம்.

சனிக்கிழமை மதியம் நாசி கண்டார். ஒரு காலத்தில் தமிழ் முஸ்லிம்கள் தோளில் தண்டு வைத்துச் சுமந்து துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்ற சோறு இது. நம் வீட்டு மசாலாவின் வாசனை அதில் இருப்பதில் ஆச்சரியமில்லை. குழம்புகளைக் கலந்து ஊற்றச் சொல்லுங்கள், அதில்தான் சுவை. பெரிய இறால், கணவாய், மீன்முட்டை ஆகியவற்றைத் தட்டில் வைக்கும் முன் விலை கேளுங்கள். கடல் உணவுக் கடைகளிலும் பட்டியலில் ‘சந்தை விலை’ என்று போட்டிருந்தால் நிறுத்துப் பார்த்து மொத்தம் எத்தனை வெள்ளி என்று தெரிந்துகொண்ட பிறகே சமைக்கச் சொல்லுங்கள். கிளம்பும்போதே ஆளுக்குச் சம அளவு பணம் போட்டு ஒருவரிடம் கொடுத்துவிட்டால், ஒவ்வொரு மேசையிலும் கணக்குப் பார்க்கும் வேலை இல்லை.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்குக் கிளம்புங்கள். தைப்பிங்கில் செண்டோல், கோலகங்சாரில் ஆற்றோரமாக ஒரு கிண்ணம் லக்சா. மூன்று மணிக்குள் மீண்டும் நெடுஞ்சாலையில் இருந்தால் ஞாயிறு மாலை நெரிசலில் பாதியாவது குறையும். அன்று வண்டி ஓட்டுகிறவர் மதியம் சோற்றைக் குறைத்துக்கொள்ளட்டும். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வெயிலில் ஓட்டினால் கண் தானாகச் சொருகும். தே தாரிக் அதற்கு மருந்தல்ல. அசந்தால் ஓய்வுப் பகுதியில் நிறுத்தி இருபது நிமிடம் தூங்கிவிட்டு, ஓட்டுநரை மாற்றுங்கள். தேங்காய்ப்பால் சேர்ந்த எதையும் பொட்டலம் கட்டிக் காரில் வைக்காதீர்கள், அந்தச் சூட்டில் சீக்கிரம் கெட்டுவிடும்.

ஜூன், ஜூலையில் போவதாக இருந்தால் சனிக்கிழமை நாசி கண்டார் முடிந்ததும் பாலிக் பூலாவுக்குப் போய் டுரியான் சாப்பிடுங்கள். ஓட்டோடு நிறுத்து, விலை பேசிய பிறகு உடைக்கச் சொல்லுங்கள். விடுதிக்குள் டுரியானைப் பெரும்பாலும் விடமாட்டார்கள், காருக்குள் வைத்தால் வாசனை போக நாளாகும். அங்கேயே உட்கார்ந்து தின்றுவிட்டுக் கிளம்புங்கள்.