திரையில் தெரியும் எண் சர்வருக்குப் போகாதது ஏன்?

பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் சோதனைப் பொறியாளராக இருக்கும் வாசகர் கேட்கிறார்: “வாடகைதாரர் பதிவுப் படிவத்தைக் கையால் நிரப்பி அனுப்பினால் சேமிக்கப்படுகிறது. பிரவுசரைத் தானாக இயக்கும் பிளேரைட் கருவியின் சோதனை அனுப்பினால் ‘கைபேசி எண் தேவை’ என்று 422 பிழை (அனுப்பிய தகவலைச் சர்வர் ஏற்க மறுப்பது) வருகிறது. ஸ்கிரீன்ஷாட்டில் எண் தெளிவாக இருக்கிறது. 5 விநாடி காத்திருக்க வைத்தும் பயனில்லை. எங்கே தேடுவது?”

ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீர்கள். பெட்டிக்குள் என்ன தெரிகிறது என்பதைத்தான் அது காட்டும். பிரவுசரிலிருந்து என்ன புறப்பட்டது என்பதைக் காட்டாது. முதலில் கையால் ஒருமுறை அனுப்பி, குரோமின் நெட்வொர்க் பகுதியில் ‘பேலோடு’ (அனுப்பிய தகவல்) என்பதன் கீழுள்ள மூல வடிவத்தை நகலெடுத்துக்கொள்ளுங்கள். பக்கம் மாறினால் பதிவுகள் அழிந்துவிடும் என்பதால், ‘பிரிசர்வ் லாக்’ தெரிவை முன்னதாகவே இயக்கிவிட வேண்டும். பிறகு சோதனையில், பிரவுசர் சர்வருக்குக் கோரிக்கை அனுப்பும்போது எழும் ரிக்வெஸ்ட் நிகழ்வைக் கவனித்து, அந்தக் கோரிக்கையில் போன தகவலாக போஸ்ட்டேட்டா மெத்தட் தருவதை அச்சிட்டு, இரண்டையும் வரிக்கு வரி ஒப்பிடுங்கள்.

எண்ணே இல்லாமல் போயிருந்தால், என் முதல் சந்தேகம் ஜாவாஸ்கிரிப்ட் மூலம் பெட்டியின் மதிப்பை நேரடியாக எழுதும் வரியின் மீதுதான். ரியாக்ட் போன்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகங்களில் எழுதிய படிவம், பெரும்பாலும் தன் நினைவில் வைத்திருக்கும் நிலையைத்தான் அனுப்பும், பெட்டியில் தெரிவதை அல்ல. நேரடியாக எழுதினால் அந்த நிலை மாறாது. அதன்பின் பெட்டியில் மாற்றம் நடந்ததாக அறிவிக்கும் இன்புட் நிகழ்வை நீங்களே எழுப்பினாலும், மதிப்பு ஏற்கெனவே பதிவானதுதான் என்று கருதி ரியாக்ட் அதைப் புறக்கணித்துவிடும். அந்த வரியை எடுத்துவிட்டு பிளேரைட்டின் ஃபில் மெத்தடைப் பயன்படுத்துங்கள். அதுவும் போதாமல், ஒவ்வொரு விசையாக அழுத்தினால்தான் படிவம் ஏற்கும் என்றால் பிரஸ் சீக்வென்ஷியலி என்ற மெத்தட் இருக்கிறது. காத்திருப்பு நேரத்தைக் கூட்டுவது இங்கே எதையும் தீர்க்காது. தயவுசெய்து அந்த 5 விநாடியை நீக்கிவிடுங்கள்.

ரியாக்ட் இல்லாத சாதாரண எச்டிஎம்எல் படிவமானால் காரணம் வேறு. நேம் பண்பு (புலத்தின் பெயர்) இல்லாத பெட்டியும் டிசேபிள் ஆன, அதாவது முடக்கப்பட்ட பெட்டியும் அனுப்பப்படுவதில்லை. ஆனால் ரீட்ஒன்லி (படிக்க மட்டுமே முடியும்) பெட்டி போகும். ஓடிபி சரிபார்ப்பின்போது எண் பெட்டியைப் பூட்டும் படிவங்களில் இதைப் பார்த்திருக்கிறேன்.

எண் போயும் சர்வர் மறுத்தால், கூட்டல் குறியைப் பாருங்கள். கோரிக்கையின் உடல்பகுதியை, அதாவது அனுப்பும் படிவத் தகவலை, சோதனையே சரங்களை ஒட்டித் தயாரிக்கும்போது, +91 என்பதிலுள்ள கூட்டல் குறி சதவீதக் குறியீடாகக் குறியாக்கம் பெறாமல் போனால் சர்வர் அதை இடைவெளியாகப் படிக்கும். எங்கள் குழுவில் இரண்டு நாள் இந்த ஒரு குறிக்காகப் போனது. தமிழ்ப் பெயர்களிலும் இதே கவனம் தேவை: ‘கு’ என்ற ஓரெழுத்து யூடிஎஃப்-8 முறையில் 6 பைட், சதவீதக் குறிகளுடன் 18 எழுத்தாக விரிய வேண்டும்.

வாடகைதாரரின் புகைப்படத்தையும் படிவத்தைத் தொடாமல் ஏபிஐ (நிரல் சர்வருடன் பேசும் வழி) வழியாக நேரடியாக அனுப்புகிறீர்கள் என்றால், தகவலின் வடிவத்தைச் சர்வருக்குச் சொல்லும் கன்டென்ட்-டைப் தலைப்பை நீங்களே எழுதாதீர்கள். கோப்புகளை அனுப்பப் பயன்படும் மல்ட்டிபார்ட் வடிவில் பகுதிகளைப் பிரிக்கும் பவுண்டரி சரத்தை நூலகமே உருவாக்கித் தலைப்பில் சேர்க்கிறது. நீங்கள் எழுதினால் அந்தச் சரம் விடுபட்டு, சர்வரால் எந்தப் புலத்தையும் பிரித்தெடுக்க முடியாது.

இரண்டு உடல்பகுதிகளும் ஒன்றாகவே இருந்தால் மட்டும் குக்கி, சிஎஸ்ஆர்எஃப் டோக்கன் (கோரிக்கை உங்கள் பக்கத்திலிருந்தே வந்தது என்று உறுதிசெய்யும் ரகசியச் சரம்) பக்கம் போங்கள். டோக்கன் தவறினால் பொதுவாக வருவது 403 (அனுமதி மறுப்பு). உங்களுக்கு வருவதோ புலத்தின் பெயரையே சொல்லும் 422 என்பதால், அந்தத் தேவை வராது என்றே நினைக்கிறேன்.