ஏசி மெக்கானிக் சொன்ன ஃபாரின் ஒப்பந்தம்

கேள்வி: எங்கள் வீட்டு ஏசி வாங்கிப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. கேஸ் போட வந்த மெக்கானிக், "ஆர்-22 எல்லாம் இனிமே கிடைக்காதும்மா, ஏதோ ஃபாரின் ஒப்பந்தமாம், புதுசு வாங்கிடுங்க" என்கிறார். எங்கேயோ யாரோ போட்ட சட்டத்துக்கு நம் அரசாங்கம் ஏன் தலையாட்ட வேண்டும்?
- ஒரு வாசகி, பெரம்பூர்

பதில்: ஒப்பந்தம் நிஜம்தான். ஓசோன் படலத்தை அரிக்கும் வாயுக்களை நிறுத்த 1987-இல் கனடாவின் மாண்ட்ரியலில் போட்டது. ஆனால் தலையாட்டினோம் என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். அப்போது நாம் கையெழுத்தே போடவில்லை. படலத்தைக் கெடுத்ததில் பெரும்பங்கு பணக்கார நாடுகளுடையது, இங்கே ஃபிரிட்ஜ் இருக்கும் வீடு தெருவுக்கு ஒன்றிரண்டு (பக்கத்து வீட்டு வாசலில் ஐஸ் கட்டிக்காக டம்ளரோடு நின்றவன் நான்), அப்புறம் மாற்று வாயுவுக்கு மாறும் செலவை நாம் ஏன் சுமக்க வேண்டும் என்று இந்தியாவும் சீனாவும் அடம்பிடித்தன. 1990 லண்டன் கூட்டத்தில் வளரும் நாடுகளுக்கென்று தனி நிதி ஒதுக்கச் சம்மதித்தார்கள். 1992-இல்தான் நாம் சேர்ந்தோம். ஓசோனை அரித்த பழைய ஃபிரிட்ஜ் வாயுவான சி.எஃப்.சி.யை வளர்ந்த நாடுகள் 1996-இல் நிறுத்தின, நாம் நிறுத்த 2010 வரை அவகாசம்.

சேராமலே இருந்திருக்கலாமே என்பீர்கள். அங்கேதான் கிடுக்கிப்பிடி: சேராத நாட்டோடு அந்த வாயுக்களை வாங்கவோ விற்கவோ கூடாதென்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது. ஆக, போகும் திசையை வெளியே தீர்மானித்துவிட்டார்கள். எவ்வளவு வேகம், யார் காசு என்பதில்தான் நம் பேரம்.

சி.எஃப்.சி.க்குப் பதில் வந்தவற்றில் ஒன்றுதான் உங்கள் ஆர்-22. அதுவும் ஓசோனைக் கொஞ்சம் அரிக்கும் என்பதால் 2030-க்குள் ஏறக்குறைய முழுதாக விடவேண்டும். இப்போது கடையில் விற்கும் ஆர்-32 ஓசோனைத் தொடாது, பூமியைச் சூடாக்கும்! அதற்கு 2016-இல் ருவாண்டாவின் கிகாலியில் இன்னொரு உடன்பாடு. வளரும் நாடுகளில் பெரும்பாலானவை 2024-ஓடு இந்த வகை வாயுவின் அளவை உயர்த்தாமல் நிறுத்த வேண்டும், நாம் 2028 வாங்கிக்கொண்டோம். கத்திரி வெயிலில் வெந்து, இப்போதுதான் வீட்டுக்கு வீடு ஏசி மாட்டுகிற ஊர்க்காரனாக எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

சரி, உங்கள் ஏசிக்கு வருவோம். ரிப்பேருக்கான ஆர்-22 அடியோடு நின்றுவிடவில்லை. கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகிற சரக்கும் இல்லை, குறைந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். முதலில் லீக்கைக் கண்டுபிடித்து அடைக்கச் சொல்லுங்கள். பழைய மெஷினில் ஆர்-32 ஏற்றுகிறேன் என்றால் மட்டும் விடாதீர்கள், அதற்கு அழுத்தம் அதிகம், தீப்பற்றும் குணமும் கொஞ்சம் உண்டு.