தொற்றுநோயின் பொருளாதார நலன் இழப்பை எப்படி அளக்கிறார்கள்?

ஜிடிபி, அதாவது நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பு, சரிவதைப் பார்த்தால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. ஓய்வுபெற்ற ஒருவர் இறந்தால் ஜிடிபி அசையாது. சிகிச்சைச் செலவோ அதில் வரவாகவே சேரும்.

அதனால், இறக்கும் ஆபத்தைச் சற்றுக் குறைக்க மக்கள் எவ்வளவு தருவார்கள் என்று பார்க்கிறார்கள். பத்தாயிரத்தில் ஒரு பங்கு ஆபத்தைத் தவிர்க்க ஆளுக்கு 700 டாலர் என்றால், பத்தாயிரம் பேர் சேர்ந்து தருவது, அதாவது ஓர் உயிருக்கு, 70 லட்சம் டாலர். 2020-இல் பொருளாதார நிபுணர்கள் கட்லரும் சம்மர்ஸும் இந்த மதிப்பை வைத்தே அமெரிக்காவின் கோவிட் இழப்பை 16 லட்சம் கோடி டாலர் என்று கணித்தார்கள். அதில் ஏறக்குறைய பாதிதான் உற்பத்தி இழப்பு.

நோய் வராதவர்களின் இழப்பும் உண்டு. 2003-இல் பரவிய சார்ஸ் என்ற சுவாச நோயில் இறந்தவர்கள் 800-க்கும் குறைவு. பயந்து பயணத்தைக் கைவிட்டவர்கள் ஏராளம்.

என்னை உறுத்துவது ஒன்று: வருமானம் குறைந்தவர் குறைவாகத்தான் தர முடியும். அதையே அளவுகோலாக்கினால் ஏழை நாட்டு உயிர் மலிவாகிவிடும். இழந்த ஆயுள் ஆண்டுகளையும் தனியே காட்ட வேண்டும்.