சிங்கப்பூர், மலேசியா போகும் முன் போனில் என்னென்ன செய்து வைக்க வேண்டும்?

அடுத்த மாதம் அப்பா அம்மாவோடு முதல் முறை போகிறேன், என்னென்ன ஆப் ஏற்ற வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆப்பை அங்கே போயும் ஏற்றிக்கொள்ளலாம். முதலில் உங்கள் இந்திய சிம்மைக் கவனியுங்கள். நான் அதில்தான் மாட்டிக்கொண்டேன்.

திருச்சியிலிருந்து சிங்கப்பூர் போய் இறங்கியதும் ஏர்போர்ட்டிலேயே ஒரு டூரிஸ்ட் சிம் வாங்கிப் போட்டுவிட்டு, நம் ஊர் சிம்மை டேப் ஒட்டிப் பாஸ்போர்ட் கவருக்குள் வைத்தேன். மறுநாள் ஆன்லைனில் நாலு பேருக்கு டிக்கெட் போடும்போது பேங்க் ஓடிபி கேட்டது. ஓடிபி அந்த டேப் ஒட்டிய சிம்முக்குத்தானே போகும்! சிம் டிரேயைத் திறக்கும் ஊசி ஹோட்டல் அறையில். கடைசியில் அம்மா தாலிக்கொடியில் கோத்து வைத்திருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தார், அதன் முனையால் குத்தித் திறந்து சிம்மை மாற்றினால் சிக்னலே இல்லை. ஊரில் இருக்கும்போதே இன்டர்நேஷனல் ரோமிங்கை ஆன் செய்திருக்க வேண்டுமாம். அன்றைக்கு உறவினர் ஒருவரின் கார்டில்தான் டிக்கெட் வாங்கினோம்.

அதனால் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே உங்கள் சிம் கம்பெனி ஆப்பில் ரோமிங் ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள், எஸ்எம்எஸ் வருவதற்குக் காசு உண்டா என்பதையும் அங்கேயே படித்துவிடுங்கள். அங்கே இறங்கியதும் அந்த சிம்மைக் கழற்றாதீர்கள், டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்து வையுங்கள். நெட்டுக்கு இ-சிம் (தனியாக அட்டை போடாமல் போனுக்குள்ளேயே ஏற்றும் சிம்) போதும். *#06# அழுத்தினால் ஐஎம்இஐ எண்ணோடு இஐடி என்று ஒரு நீளமான எண்ணும் வந்தால் உங்கள் போனில் இ-சிம் வேலை செய்யும். அதை வீட்டு வைஃபையிலேயே ஏற்றிவிடுங்கள், ஏனென்றால் ஏற்றுவதற்கே நெட் வேண்டும். எந்த நாளிலிருந்து கணக்கு தொடங்கும் என்பது பிளானுக்குப் பிளான் மாறும், பார்த்து வாங்குங்கள். வாட்ஸப் பழைய எண்ணிலேயே ஓடும், எண்ணை மாற்றலாமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஒன்று, இந்திய எண்ணுக்கு வரும் கால்களை யோசிக்காமல் எடுத்துவிடாதீர்கள், நான் கொரியர்க்காரரிடம் "பக்கத்து வீட்டில் கொடுங்க" என்று சொன்னதற்கே நிமிடக் கணக்கில் பிடித்தார்கள்.

பயணத்துக்கு முன்னால் புதுப் போன் வாங்கும் ஆசை இருந்தால் திரும்பி வந்து வாங்குங்கள். பேங்க் ஆப்பும் யுபிஐயும் போன், சிம் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவை. புதுப் போனில் மறுபடி பதிவு செய்ய உங்கள் சிம்மிலிருந்து எஸ்எம்எஸ் போயாக வேண்டும், அதை வெளிநாட்டிலிருந்து செய்வது பெரும் தலைவலி.

கார்டு விஷயத்திலும் ஒரு சுவிட்ச் இருக்கிறது. 2020 மார்ச்சிலிருந்து ரிசர்வ் பேங்க் விதிப்படி புதிதாகத் தரும் கார்டுகள் இந்தியாவுக்குள் மட்டும் வேலை செய்யும்படிதான் வரும். வெளிநாட்டு உபயோகத்தை பேங்க் ஆப்பில் நாமே ஆன் செய்ய வேண்டும். ஆன்லைன், கடை, ஏடிஎம், டேப் (கார்டை மெஷினில் தட்டிப் பணம் கட்டுவது) என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி சுவிட்ச், டேப்பை விட்டுவிடாதீர்கள். சிங்கப்பூர் பஸ்ஸிலும் எம்ஆர்டி மெட்ரோ ரயிலிலும் விசா, மாஸ்டர்கார்டைத் தட்டியே போகலாம், ஆனால் ஒரு கார்டுக்கு ஒரு ஆள்தான், ஒன்றையே தட்டி நாலு பேர் போக முடியாது. வெளிநாட்டுக் கார்டு என்றால் உபயோகிக்கும் நாளுக்கு 60 சென்ட் கூடுதலாகப் பிடிப்பார்கள்.

நாட்டுக்குள் நுழைய ஆன்லைன் படிவம் உண்டு: சிங்கப்பூருக்கு எஸ்ஜி அரைவல் கார்டு, மலேசியாவுக்கு எம்டிஏசி, இரண்டையும் போய்ச் சேரும் நாளுக்கு முந்தைய 3 நாளுக்குள் போனிலேயே நிரப்பிவிடலாம். இரண்டும் இலவசம். கூகுளில் தேடினால் காசு கேட்கும் தளங்களும் வரும், அரசாங்கத் தளம்தானா என்று முகவரியைப் பார்த்துவிட்டு நிரப்புங்கள்.

டாக்ஸி கூப்பிடும் கிராப் ஆப்பை மட்டும் இங்கேயே ஏற்றி ஓடிபி போட்டுப் பதிவு செய்துவிடுங்கள், இரண்டு நாட்டிலும் உதவும். கூகுள் மேப்பை ஆஃப்லைனில் இறக்கி வைக்கலாம், ஆனால் நெட் இல்லாமல் அது கார் வழி மட்டும்தான் சொல்லும், பஸ் வழியும் நடை வழியும் சொல்லாது. கூகுள் கணக்கில் டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன் (பாஸ்வேர்டோடு இன்னொரு சரிபார்ப்பு) போட்டிருந்தால் பேக்கப் கோடு என்று 10 எண்கள் தருவார்கள், அவற்றைத் தாளில் எழுதி பர்ஸில் வையுங்கள், போன் தொலைந்தால் வேறு போனில் அந்தக் கணக்குக்குள் நுழைய அவை உதவும்.

பவர் பேங்க்கைக் கைப்பையில்தான் எடுத்துப் போக வேண்டும். 20,000 எம்ஏஎச் என்றால் 74 வாட் அவர்தான் வரும், 100-க்குள் இருப்பதால் பிரச்சினை இல்லை, ஆனால் விமானத்துக்குள் அதில் சார்ஜ் போட இப்போது பல நிறுவனங்கள் விடுவதில்லை. இரண்டு நாட்டிலும் பிளக் மூன்று தட்டைக் கால், நம் உருண்டைக் கால் சார்ஜர் நுழையாது. அடாப்டரை இங்கேயே வாங்கிவிடுங்கள்.

அப்புறம், கிளம்பும் முந்தைய நாள் வீட்டில் எல்லோர் போனையும் ஏரோப்ளேன் மோடில் போட்டு, வைஃபையும் அணைத்துவிட்டு டிக்கெட்டையும் ஹோட்டல் முகவரியையும் திறக்கச் சொல்லுங்கள். என் அப்பா "எல்லாம் மெயிலில் இருக்குப்பா" என்றார், திறந்தால் வட்டம்தான் சுற்றியது. உட்கார்ந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கொடுத்தேன்.