முடி கொட்டினால் கோலாலம்பூர் தண்ணீரைத் திட்டாதீர்கள் தம்பி

வந்து நாலு மாதம் ஆகிறது, குளிக்கும்போது கொத்தாக முடி வருகிறது, இந்த ஊர்த் தண்ணீர்தானா காரணம், நல்ல முடி சிகிச்சை நிலையம் எது, பிரிக்பீல்ட்ஸில் ரூம் வாடகை எவ்வளவு என்று கேட்டிருக்கிறீர்கள். வாடகையை ஆபீஸில் யாரிடமாவது கேளுங்கள், நான் ரூம் தேடி அலைந்தது எந்தக் காலமோ. முடி விஷயம் மட்டும் சொல்கிறேன், அதில்தான் நான் காசைத் தொலைத்தேன்.

2006-ல் வந்தபோது நானும் தண்ணீரைத்தான் திட்டினேன். செந்தூலில் ஒரே பிளாட்டில் ஏழு பேர், காலையில் பாத்ரூமில் தண்ணீர் வெளியேறும் ஓட்டைத் தட்டில் யார் முடி என்றே தெரியாமல் ஒரு உருண்டை கிடக்கும். உண்மையில் எங்கள் ஊர் போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, பக்கெட்டில் வெள்ளையாக உப்புப் படியும். இங்கே ஷாம்பு போட்டால் நுரை போவதற்குள் ஆபீஸ் பஸ் போய்விடும். அத்தனை உப்புத் தண்ணீரில் இருபத்தைந்து வருஷம் கொட்டாத முடி இந்தத் தண்ணீரிலா கொட்டும்? ஆனாலும் வருகிற ஒவ்வொருவரும் இதையே சொல்கிறார்கள்.

உடம்புக்கு ஒரு அதிர்ச்சி என்றால் (பெரிய காய்ச்சல், திடீரென்று இளைப்பது, தூக்கம் கெடுகிற அளவு கவலை) முடி அன்றைக்கே கொட்டாது, இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் கொட்டும். நீங்கள் வந்து நாலு மாதம். கணக்குப் பாருங்கள். இந்த ரகம் தலை முழுக்கப் பரவலாகக் கொட்டும், பெரும்பாலும் ஆறு மாதத்தில் தானே அடங்கிவிடும். நெற்றி இரண்டு ஓரமும் உச்சியும் மட்டும் மெலிந்துகொண்டே போனால் அது வேறு, அது பரம்பரை. அப்பா தலையையும் பாருங்கள், தாய்மாமன் தலையையும் பாருங்கள்.

எங்கள் ரூம்காரன் ஒருவனுக்கு டெங்கி வந்து படுத்தான். மூன்று மாதம் கழித்துக் கொட்ட ஆரம்பித்தது. பயந்துபோய் ஒரு முடி நிலையத்தில் நாலாயிரம் வெள்ளிக்கு (ரிங்கிட்) பேக்கேஜ் எடுத்தான், ஊருக்கு அனுப்ப வேண்டிய காசு. ஆறு மாதத்தில் முடி வந்துவிட்டது. டெங்கியால் போன முடி தானாக வரும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை, எல்லாம் அவர்கள் மகிமை என்று அவனே எங்களைக் கூட்டிக்கொண்டு போனான். நானும் இரண்டாயிரம் கட்டினேன். எனக்கு இருந்தது பரம்பரைச் சொட்டை. கேமராவில் தலையைப் பெரிதாக்கிக் காட்டி வேர் அடைத்திருக்கிறது என்றார்கள், ஆவி பிடித்தார்கள், நல்ல வாசனை. அவ்வளவுதான் பலன்.

நிஜமாகவே பரம்பரை என்றால் தோல் மருத்துவரிடம் போங்கள். மினாக்ஸிடில் என்ற முடி மருந்தைத் தலையில் தடவச் சொல்வார்கள். ஆரம்பத்தில் சில வாரம் இன்னும் அதிகமாகக் கொட்டும், அதைப் பார்த்துப் பாதிப்பேர் ஓடிவிடுகிறார்கள். நாலு மாதமாவது தடவாமல் பலன் தெரியாது, நிறுத்தினால் வந்தது போய்விடும். வீட்டில் பூனை இருந்தால் ஜாக்கிரதை, அது பூனைக்கு விஷம். பரம்பரைச் சொட்டைக்குக் கொடுக்கும் ஃபினாஸ்டிரைடு மாத்திரைக்கு இங்கே டாக்டர் சீட்டு வேண்டும். அதற்குத்தான் நம்மாட்கள் ஊரிலிருந்து வருகிறவன் பெட்டியில் பத்து அட்டை போட்டு வரச் சொல்கிறார்கள். சிலருக்கு அது ஆண்மை விஷயத்தில் கை வைக்கும், மனதையும் சோர்வாக்கும், டாக்டரிடம் பேசாமல் விழுங்குகிற மாத்திரை இல்லை அது. கல்யாணமாகி மனைவி கர்ப்பமாக இருந்தால் உடைந்த மாத்திரையை அவர் தொடவே கூடாது. ஆன்லைனில் வரும் மருந்தில் MAL என்று தொடங்கும் மலேசியப் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஸ்டிக்கரும் இல்லையென்றால் கையால் தொடாதீர்கள்.

அப்புறம், இருக்கிற முடியை எப்படி வைத்துக்கொள்வது. ஜெல் வேண்டாம், ஈரப் பளபளப்பில் முடி கற்றை கற்றையாக ஒட்டி நடுவில் மண்டை தெரியும். எண்ணெய் வழிய வாரினாலும் அதே கதை. ஒரு பக்க முடியை வளர்த்து மறுபக்கம் இழுத்து ஒட்டுகிறவர்களை ரயிலில் பார்க்கிறேன், மஸ்ஜித் ஜாமேக் ஸ்டேஷன் வருவதற்குள் வேர்வையில் கழன்று காதில் தொங்குகிறது. நான் சிரிக்கக் கூடாது. கிள்ளானில் ஒரு கல்யாணத்துக்குத் தலையில் கருப்புத் தூள் தூவிக்கொண்டு போனேன், முடி அடர்த்தியாகத் தெரியுமாம். சாயங்காலம் நாலு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது, குடை இல்லை. மண்டப வாசலில் பன்னீர் தெளித்த பெண் என் நெற்றியையே பார்த்தாள். கைக்குட்டையால் துடைத்தால் மை. சட்டைக் காலர் முழுக்கக் கருப்புக் கோடு, சாப்பிடாமலே திரும்பினேன்.

அடுத்த தைப்பூசத்துக்குப் பத்துமலை முருகன் கோயிலில் மொட்டை போட்டேன். வேண்டுதல் என்று சொல்லிக்கொண்டேன், பாதி உண்மை. சந்தனம் பூசியதும் மண்டை ஜில்லென்று இருந்தது, 272 படி ஏறி இறங்குவதற்குள் வேர்வையில் கரைந்து முதுகில் ஓடிவிட்டது. வெயிலில் தலை வெந்து மூன்றாம் நாள் தோல் உரிந்தது. (முடி மெலிந்தவர்கள் தொப்பி போடுங்கள், இல்லையென்றால் மண்டைக்கும் சன்ஸ்க்ரீன் தடவுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.) ஆனால் சலூன் அண்ணன், மன்னார்குடிக்காரர், என்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இனிமேல் மெஷின் நம்பர் ஒன்று போதும் உங்களுக்கு என்றார், அதாவது மெஷினால் ஒட்ட வெட்டுவது. அன்றிலிருந்து அதுதான். இரண்டு வாரத்துக்கு ஒரு தரம், அஞ்சு நிமிஷ வேலை. ஒன்று மட்டும், முடித்ததும் கழுத்தைத் திருகிச் சொடக்கு எடுக்க வருவார்கள், வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், கழுத்து ரத்தக்குழாய் கிழிந்து போகக்கூடும். எங்கள் சலூன் அண்ணன் பதினைந்து வருஷமாகியும் பழக்கதோஷத்தில் கையைக் கொண்டுவருவார், நானும் பழக்கதோஷத்தில் குனிந்து தப்புவேன்.