பல நாடுகளுக்கும் ஒரே கட்சி என்றால், சாதாரண உறுப்பினரின் குரல் எடுபடுமா?

ஐரோப்பாவில் பல நாடுகளில் ஒரே பெயரில் இயங்கும் கட்சிகளில் சாதாரண உறுப்பினரின் பேச்சு எடுபடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். எடுபடும், ஆனால் ஓர் எல்லை வரைதான். அந்த எல்லையை நான் நேரில் பார்த்தேன்.

2013 நவம்பரில் நான் பெர்லினுக்கு வேலைக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. கையில் இந்திய பாஸ்போர்ட், இங்கே ஓட்டு கிடையாது. அந்தச் சமயத்தில் ஐரோப்பியப் பசுமைக் கட்சி, 2014 ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலுக்கு யாரை முன்னிறுத்துவது என்று இணையத்தில் ஓட்டெடுப்பு நடத்தியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் வசிக்கும் 16 வயது நிரம்பிய எவரும் போடலாம். பசுமைக் கொள்கையை ஏற்கிறேன் என்று சொன்னால் போதும், குடியுரிமையைக் கேட்கவில்லை. சமையலறையில் நின்றபடியே போனுக்கு வந்த எண்ணைத் தட்டினேன். திரையில் நான்கு பெயர்கள்: ஜோசே போவே, மோனிகா ஃபிரசோனி, ரெபெக்கா ஹார்ம்ஸ், ஸ்கா கெல்லர். போவேயையும் கெல்லரையும் தொட்டேன். இந்தக் கண்டத்தில் என்னிடம் ஒருவர் அபிப்பிராயம் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஜனவரி கடைசியில் முடிவு வந்தது. அந்த இருவரும்தான் ஜெயித்திருந்தார்கள். ஏறக்குறைய 40 கோடி வாக்காளர்கள் உள்ள இடத்தில் ஓட்டுப் போட்டவர்கள் சுமார் 22 ஆயிரம் பேர். அது வருத்தம்தான். அதைவிட முக்கியம், பிப்ரவரியில் டிரெஸ்டன் நகரில் நடந்தது. ஜெர்மன் பசுமைக் கட்சி மாநாட்டில், வேட்பாளர் பட்டியலின் முதல் இடத்துக்கு அதே கெல்லரும் ஹார்ம்ஸும் போட்டியிட்டார்கள். ஜெயித்தவர் ஹார்ம்ஸ்! மாநாட்டுப் பிரதிநிதிகள் மேல் எனக்குக் கோபமில்லை, அது அவர்களுடைய உரிமை. ஆனால் பட்டியலை எழுதும் பேனா யார் கையில் இருக்கிறது என்பது அன்றைக்கு எனக்குப் புரிந்தது.

ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கான தேர்தல் நாட்டுக்கு நாடு தனித்தனியாகவே நடக்கிறது. அதனால் ஐரோப்பியக் கட்சி என்பது பெரும்பாலும் தேசியக் கட்சிகளின் கூட்டமைப்புதான். கண்டம் முழுவதற்கும் பொதுவாக 28 இடங்கள் ஒதுக்கலாம் என்று 2022 மே மாதம் நாடாளுமன்றமே தீர்மானம் போட்டது. உறுப்பு நாடுகளின் அரசுகள் அதற்கு இன்னும் சம்மதிக்கவில்லை.

வோல்ட் கட்சி வேறு வழியில் போனது. 2017 மார்ச்சில் பிறக்கும்போதே எல்லா நாட்டுக்கும் ஒரே கட்சி என்றார்கள். சட்டத்துக்காக நாட்டுக்கொரு பதிவு இருந்தாலும், 2019-இல் எட்டு நாடுகளில் ஒரே தேர்தல் அறிக்கையோடு நின்றார்கள். ஜெர்மனியில் அந்தத் தேர்தலுக்குக் குறைந்தபட்ச வாக்கு வரம்பு இல்லாததால் ஓர் இடம் கிடைத்தது. நாடாளுமன்றத்தில் எந்த அணியில் சேர்வது என்பதை உறுப்பினர்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்தார்கள். 2024-இல் ஐந்து இடங்கள். கிரேக்க நாட்டின் முன்னாள் நிதியமைச்சர் யானிஸ் வரூஃபாகிஸ் 2016-இல் பெர்லினில் தொடங்கிய, பல நாடுகளுக்கும் பொதுவான டியெம்25 இயக்கம், தலைமைக் குழுவின் முடிவுகளைச் சரிபார்க்க உறுப்பினர்களிலிருந்து குலுக்கல் முறையில் ஒரு அவையை அமைத்தது. இந்த யோசனை எனக்கு மிகவும் பிடிக்கும். பேச்சுத் திறமை உள்ளவர்தான் மேலே வர முடியும் என்கிற நிலையை அது மாற்றுகிறது.

அப்புறம் மொழி. சில வருடங்களுக்கு முன் இப்படிப்பட்ட ஒரு கட்சியின் உள்ளூர்க் கூட்டத்துக்குப் போனேன், பெயர் வேண்டாம். ஒரு கஃபேயின் பின்னறை, பதினான்கு பேர். வரைவு அறிக்கை ஆங்கிலத்தில் வந்திருந்தது, பேச்சும் ஆங்கிலத்திலேயே நடந்தது. ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் இரண்டு மணி நேரம் வாயே திறக்கவில்லை. கூட்டம் முடிந்ததும் என்னிடம் நான்காக மடித்த தாளைக் கொடுத்தார். இரவில் ஓடாத கிராமப் பஸ்களைப் பற்றி, எந்த வழித்தடம், எந்த நேரம் என்று ஜெர்மனில் பென்சிலால் எழுதியிருந்தார். அன்று அந்த அறையில் பேசிய எங்கள் எல்லோரையும்விட அவருக்கு விஷயம் தெரிந்திருந்தது.

அன்றிரவே ஆங்கிலத்தில் மாற்றி அனுப்பினேன். திருத்தங்களுக்கான கெடு முந்தைய நாளே முடிந்துவிட்டது என்று பதில் வந்தது. அடுத்த கூட்டத்துக்கு அவர் வரவில்லை. அந்தத் தாள் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.